கிளைடர் இறக்கையில் மயிரிழை விரிசல்: மேலே பெயின்ட் அடித்தால் போதுமா?

கேள்வி: 1980களில் கட்டப்பட்ட ஃபைபர்கிளாஸ் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஒன்றை நானும் நண்பரும் சேர்ந்து வாங்கினோம். இறக்கையின் மேற்புறம் மங்கி, மஞ்சளாகிவிட்டது. தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு நோக்கி மெல்லிய கோடுகள் தெரிகின்றன. லேசாகத் தேய்த்துவிட்டு ஒரு கோட் பெயின்ட் அடித்தால் இன்னும் சில வருடங்கள் ஓட்டலாமா? முழுதாக உரிக்கத்தான் வேண்டும் என்றால், அதை நாங்களே செய்ய முடியுமா?

பதில்: அந்தக் கோடுகளின் மேல் தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள். இந்தத் தவறைத் திருத்த, முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைப் போல இரண்டு மடங்கு உழைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் இறக்கையில் இரண்டு வேறு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன. பொடி உதிர்வதும் மஞ்சளாவதும் மேல்தோலில் நடப்பவை. வெயிலின் புற ஊதாக் கதிர் ரெசின் எனும் பிசினைச் சிதைக்க, அதில் கலந்திருந்த வெள்ளை நிறமி பிடிப்பில்லாமல் பொடியாக வெளியே வருகிறது. பாலிஷ் போட்டால் இது சரியாகிவிடும். இரண்டாவது கோளாறு அந்தக் கோடுகள், அதாவது விரிசல். அதற்கு அந்த வைத்தியம் உதவாது.

காரணத்தைப் புரிந்துகொள்ள, கிளைடர் கட்டப்படும் விதத்தைப் பார்க்க வேண்டும். அச்சுக்குள் முதலில் தெளிக்கப்படுவது ஜெல்கோட். அது டைட்டானியம் டையாக்சைடு கலந்த பாலியெஸ்டர் ரெசின். தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதற்குப் பிறகுதான் கண்ணாடி இழைத் துணியும் எபாக்சி என்ற இன்னொரு ரெசினும் போடுகிறார்கள். இவை சேர்ந்து இறுகிய அடுக்குதான் லேமினேட். எபாக்சி லேமினேட் நன்றாக வளைந்துகொடுக்கும். பாலியெஸ்டர் அதைவிட நொறுங்கும் தன்மை கொண்டது, வயதாக ஆக இன்னும் விறைக்கும். இறக்கை ஒவ்வொரு முறை வளையும்போதும் லேமினேட்டோடு சேர்ந்து ஜெல்கோட்டும் நீண்டு சுருங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய ஜெல்கோட், உயரத்தில் உறைபனிக் குளிரிலிருந்து சட்டென்று தரைச் சூட்டுக்கு இறங்கினால் அந்த இழுவை இன்னும் கூடுகிறது. ஒரு நாள் அது பிளந்துவிடும். அதன் மேல் நீங்கள் அடிக்கும் பெயின்ட், பிளவின் இரண்டு உதடுகளையும் பாலம் போட்டு இணைக்கும் மெல்லிய படலம் மட்டுமே. இறக்கை வளையும்போது உதடுகள் திறக்க, முழு இழுவையும் அந்த ஒரே கோட்டில் விழும். பழைய விரிசல் அதே இடத்தில், அதே வடிவத்தில் புதுப் பெயின்ட்டிலும் தெரியத் தொடங்கும்.

ஆகவே முதலில் ஆழத்தைப் பாருங்கள். கோடுகள் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்து, 320 எண் உப்புத்தாளால் உலர்வாகத் தேயுங்கள். கொஞ்சம் தேய்த்ததுமே கோடுகள் மறைந்தால் அதிர்ஷ்டம்தான். அந்தப் பகுதியை 600, 1000, 1500 என்று ஏற்றிக்கொண்டே போய் பாலிஷ் போட்டால் போதும். லேமினேட்டின் நிழல் தெரியும் வரை கோடுகள் கூடவே வந்தால் முழுதாக உரித்தாக வேண்டும். லேமினேட்டே தெரியும்போது நிறத்தைக் கவனியுங்கள். நல்ல கண்ணாடி–எபாக்சி லேமினேட் லேசான பச்சை சாயலுடன் ஒளி ஊடுருவுவதாக இருக்கும். அதில் வெண்மையான கோடோ திட்டோ இருந்தால், இழை ரெசினை விட்டுப் பிரிந்திருக்கக்கூடும். அத்தோடு நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற பொறியாளரை அழையுங்கள்.

சில விரிசல்களைத் தேய்த்துப் பார்க்கும் முன்பே சந்தேகப்பட வேண்டும்: ஓர் இடத்திலிருந்து நட்சத்திரம்போல் பிரிபவை, வால் தண்டைச் சுற்றிச் சாய்வாக ஓடுபவை, இறக்கையிலிருந்து எழும் வேகத்தடையான ஏர்பிரேக்கின் பெட்டி மூலைகளிலும், இறக்கை உடலோடு சேரும் வேரிலும் இருப்பவை. இவை அடி விழுந்ததற்கோ அதிகப்படியான சுமைக்கோ சாட்சியாக இருக்கலாம். நாணயத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி மழுங்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள்.

உரிக்கும் வேலைக்கு வருவோம். இரசாயன பெயின்ட் ரிமூவர் வேண்டவே வேண்டாம். அது எபாக்சியையும் தின்றுவிடும். ஹீட் கன்னும் கூடாது. பல கிளைடர்களின் கையேட்டில் கட்டமைப்புக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பம் 54 டிகிரி செல்சியஸ்தான். கிளைடர்கள் வெள்ளையாக இருப்பதே இதற்காகத்தான். ஆக, மிஞ்சுவது உப்புத்தாளும் பொறுமையும். 80இல் தொடங்கி, லேமினேட்டின் நிழல் தெரிந்ததும் 120க்கு மாறிவிடுங்கள். ஜெல்கோட்டைத்தான் எடுக்கிறீர்கள், இழையை அல்ல. ஸ்பாருக்கு (இறக்கையின் சுமையைத் தாங்கும் உள் உத்திரம்) மேலுள்ள பகுதியில் ஒரு இழைகூட அறுபடக் கூடாது. விரிசல் முழுதாகப் போகும் வரை தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள், அந்த ஈரம் பிளவு வழியே உள்ளே போய்த் தங்கிவிடும். உயர்தரத் தூசி மாஸ்க் கட்டாயம்.

உள்ளங்கையால் தேய்த்தால் பள்ளம் விழும். நீண்ட, விறைப்பான தேய்ப்புப் பலகையைக் குறுக்காக, இரு திசையிலும் மாறி மாறி ஓட்ட வேண்டும். காற்று குலையாமல் வழுக்கிச் செல்லும்படி வடிவமைத்த லாமினார் இறக்கையில் அலை என்பது நேரடியாக வேக இழப்பு. சுமார் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு கால்களும் நடுவில் டயல் கேஜும் (நுண்ணளவு காட்டும் முள் கருவி) உள்ள அளவுகோலை ஓட்டி, ஏற்ற இறக்கத்தை 0.1 மி.மீ. அளவுக்குள் கொண்டுவர அனுபவசாலிகள் முயல்வார்கள். இந்த வேலையின் அழகே இங்கேதான் இருக்கிறது. அவசரப்பட்டால் இறக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

மறுபடி எதைப் பூசுவது? பாலியெஸ்டர் ஜெல்கோட்டைத் தடிமனாகத் தெளித்து, பிறகு தேய்த்து வடிவம் கொடுக்கலாம். சின்னச் சின்ன ஒட்டுகளும் எளிது. ஆனால் பல வருடங்களில் அதே விரிசல் கதை திரும்பும். இரண்டு கூறு பாலியூரிதேன் வளைந்துகொடுக்கும், வெயிலையும் நன்றாகத் தாங்கும். படலம் மெல்லியது என்பதால் வடிவ வேலை முழுவதையும் அடியிலுள்ள பிரைமரிலேயே முடித்துவிட வேண்டும். உற்பத்தியாளரின் கையேடு அனுமதித்தால், வெயிலில் நிறைய நிற்கும் கிளைடருக்கு நான் பாலியூரிதேனையே சொல்வேன். ஆனால் அதை இறுகவைக்கும் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் என்ற நச்சுக்குச் சாதாரண மாஸ்க் போதாது. வெளிக்காற்று குழாயில் வரும் முகக்கவசம் வேண்டும். பாலியெஸ்டரின் பெராக்சைடு ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

எடையை மறந்துவிடக் கூடாது. 15 மீட்டர் கிளைடரின் இறக்கைகளுக்கு மேலும் கீழும் சேர்த்து ஏறக்குறைய 20 சதுர மீட்டர் பரப்பு. பூச்சு 0.2 மி.மீ. கூடினாலே நாலு லிட்டர், அதாவது ஐந்து கிலோவுக்கு மேல். இறக்கை அதைத் தாங்கிக்கொள்ளும், கணக்கில் எழுதிக்கொள்ளலாம். கிளைடரைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசையும் பாகங்களான ஏலரான், எலிவேட்டர், ரட்டர் விஷயம் அப்படியல்ல. கீலுக்குப் பின்னால் சில கிராம் கூடினால் சமநிலை கெடும். வேகத்தில் படபடப்பு தொடங்கினால் சில நொடிகளில் அந்தப் பாகம் பிய்ந்து போகலாம். கையேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எடை வரம்பும், அந்த எடை கீலைச் சுற்றித் திருப்பும் விசைக்கான வரம்பும் இருக்கும். தேய்க்கத் தொடங்கும் முன் ஒரு முறை, முடித்த பிறகு ஒரு முறை அளந்து எழுதுங்கள். கடைசியில் முழுக் கிளைடரையும் எடை போட்டு ஈர்ப்பு மையத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

நீங்களே செய்ய முடியுமா? தேய்ப்பதை, பொறியாளர் மேற்பார்வையில், முடியும். முழுக் கிளைடருக்குச் சில நூறு மணி நேரம் பிடிக்கும், இரண்டு பேருக்கும் ஒரு குளிர்காலம் போதாமல் போகலாம். தெளிக்கும் வேலையைக் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். பழக, இறக்கையின் கீழ்ப்புறத்தில், வேருக்கு அருகே தொடங்குங்கள்.

புதுப் பூச்சைக் காப்பது பெரிய வித்தையல்ல. மிதமான சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வருடம் ஒரு முறை கார்னவுபா என்ற பனை மெழுகு கலந்த கட்டி மெழுகைத் துணிச் சக்கரத்தால் ஏற்றுங்கள். வெளியில் நிற்பதென்றால் இரண்டு முறை. சக்கரத்தை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், சூடு ஏறிவிடும். ஈரக் கிளைடரின் மேல் உறை போடுவதும் காற்றோட்டமில்லாத டிரெய்லரில் அடைப்பதும் பனியில் விட்டுவைப்பதைவிட மோசம். வேகத்துக்காக இறக்கைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிப் பறந்தால், இறங்கியதும் மிச்சத்தை வடித்து, மூடிகளைத் திறந்து உலரவிடுங்கள்.

பொறியாளர் பார்த்து அனுமதித்தால் உரிக்கும் வரை பறக்கலாம். அதுவரைக்கும் ஈரம் உள்ளே போகாமலிருக்க மெழுகு போடுங்கள். ஆனால் டப்பாவில் சிலிக்கோன் இல்லை என்று எழுதியிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். விரிசலுக்குள் ஊறிய சிலிக்கோன் தேய்த்தாலும் முழுதாக வராது. நாளை தெளிக்கும் புதுப் பூச்சு அந்த இடங்களில் மட்டும் ஒட்டாமல் மீன் கண் போலக் குழிகுழியாக விலகி நிற்கும்.