அம்மா நடக்கட்டும், நீங்கள் காரை விட்டு இறங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. கொழும்புக் கோட்டையில் ஒரு அலுவலகத்தில் கணக்காளர். உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 91 கிலோ. அப்பா 53 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். போன மாதம் பார்த்ததில் எனக்கு வெறுவயிற்றுச் சீனி 112. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மூன்றாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. மூன்று தரம் ஜிம்மில் சேர்ந்து மூன்று தரமும் ஒரு மாதத்துக்குள் விட்டுவிட்டேன். நல்ல சப்பாத்து, அடி எண்ணும் மணிக்கூடு எல்லாம் வாங்கியாயிற்று. 10,000 அடி ஒரு நாளும் வந்ததில்லை. வேலை முடிந்து வீடு வர ஆறேகால். வந்ததும் அம்மாவை ஏற்றப் போகவேண்டும். அவருக்கு 70. தினமும் பின்னேரம் பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு நடந்தே போவார். "நான் நடந்து வாறன், நீ ஏன் மினக்கெடுறாய்" என்பார். நான் விடுவதில்லை. போக 15 நிமிடம், வர 15 நிமிடம், பூசை முடியும்வரை காரில் ஒரு 20 நிமிடம். மழைக்காலத்தில் அவரிடம் இருப்பதும் ஒரு சின்ன மடக்குக் குடைதான். இதற்குள் உடற்பயிற்சிக்கு எங்கே நேரம்? விடாமல் செய்ய ஒரு வழி சொல்லுங்கள். (பெயர் வேண்டாம், வெள்ளவத்தை)

பதில்: தம்பி, உங்கள் எடையை ஒரு தரம் வாசித்தேன். அந்த 20 நிமிடத்தை நாலு தரம் வாசித்தேன்.

பாதையோரமாகக் காரை ஒதுக்கி, ஏசியைப் போட்டு, ஆசனத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, போனை எடுத்திருப்பீர்கள். கண்ணாடிக்கு வெளியே உங்கள் அம்மா பாட்டாச் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு, நெற்றியில் வீபூதியோடு வருவார். வெள்ளவத்தையிலிருந்து தன் காலால் நடந்து வந்த மனுசி. நீங்கள் பாய்ந்து கதவைத் திறந்து, அவரை உள்ளே ஏற்றி, பெல்ட்டைப் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்.

உங்கள் வீட்டில் தினமும் தவறாமல் உடற்பயிற்சி செய்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவருடைய பயிற்சியில் பாதியைத் தினமும் பறித்துக்கொண்டு, எனக்கு விடாமல் செய்ய வழி சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்கிறீர்கள்! கோபம் வராதா எனக்கு?

நீங்கள் கணக்காளர், கணக்கிலேயே வாருங்கள். 15, 20, 15. ஒரு நாளைக்கு 50 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தாலும் 250 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் ஓரளவு விறுவிறுப்பான உடல் அசைவு வேண்டும் என்று. உங்களிடம் நேரம் இருக்கிறது. அதைக் காலி வீதி நெரிசலில் பெற்றோலோடு சேர்த்து எரிக்கிறீர்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். ஆறேகாலுக்கு வந்து உடுப்பை மாற்றி, சும்மா கிடக்கிற அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மரைன் டிரைவால் இறங்கி நடங்கள். கடல் காற்றாவது கிடைக்கும். கதைக்கலாம், ஆனால் பாட முடியாது என்கிற வேகம் வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கோயிலுக்கு 25 நிமிடம் போதும். ஆறு நாள் போனால் 150 சரி. திரும்பி வரும்போது அம்மாவின் வேகத்தில் வாருங்கள். அவர் நின்று மரக்கறி விலை கேட்டால் நீங்களும் நில்லுங்கள், மணிக்கூட்டைப் பார்க்கவேண்டாம். எல்லாம் சேர்த்து இப்போது செலவாவதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கூட வரும்.

"அம்மாவை நடக்கவிடுவதா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படி நினைத்தவள். என் தாயாரைச் சந்திக்கடைக்குக்கூட ஓட்டோவில்தான் அனுப்பினேன். அவருடைய கால் வலுவிழந்து போனதை நான் கவனிக்கவே இல்லை. அந்த வயதில் தசை, பாவிக்காவிட்டால் மெதுமெதுவாகக் கரைந்துவிடும். உடம்பின் நிதானமும் போகும். பிறகு ஒரு சின்ன வழுக்கல் போதும். கடைசி இரண்டு வருடம் கட்டிலோடு இருந்தார். பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளையின் கடமைதான், அதில் நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் நடந்து வருவதற்குப் பதிலாகக் கார்க் கதவைத் திறந்துவிடுவதை இந்தக் கொழும்பில் கடமை என்று பழகிவிட்டோம். உங்கள் அம்மா ஒரு நாள் முழங்கால் வலி, களைப்பு என்று சொன்னால் அன்றைக்குக் காரை எடுங்கள். அவர் சொல்லாமல் நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

சரி, எடை. நடந்தால் மட்டும் 91 கிலோ ஓடிப்போகாது. அரை மணித்தியாலம் விறுவிறுப்பாக நடந்தால் உங்கள் உடம்பு 150, 200 கலோரி அளவில் செலவழிக்கும். வழியில் ஒரு ரோல்ஸ், சீனி போட்ட ஒரு பால் தேத்தண்ணி என்று நின்றீர்களானால் கணக்கு நேர். இரவில் கொத்து ரொட்டியைக் குறையுங்கள், இடியப்பத்தை எண்ணிச் சாப்பிடுங்கள், மிச்சத்தை மனைவியிடம் கேளுங்கள். சமைக்கிறவருக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. 70 கிலோ என்று கனவு காணவும் வேண்டாம். அமெரிக்காவில் உங்களைப் போலச் சீனி எல்லையில் நின்றவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இவைதான் இலக்கு. அதற்கே நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சின்ன அரிசிப் பை.

அந்த 10,000 அடியைப் பற்றியும் ஒரு சொல். அது பெரிய ஆய்வு நடத்திக் கண்டுபிடித்த எண் அல்ல. 1965இல் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு "பத்தாயிரம் அடி மானி" என்று பெயர் வைத்தார்கள், எண் அப்படியே ஒட்டிக்கொண்டது. 6,000 வந்த நாளில் தோற்றுப்போனதாக நினைத்துச் சோபாவில் விழுகிறவர் நீங்கள்தான் என்றால், மணிக்கூட்டைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். அப்பா 53இல் மாரடைப்பில் போனவர், உங்களுக்கு மூன்று மாடிக்கு மூச்சு வாங்குகிறது, சீனியும் ஏறியிருக்கிறது. வேகமாக நடக்கத் தொடங்குமுன் டொக்டரிடம் போய் ஈசிஜி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தோளுக்கோ தாடைக்கோ போனாலோ அங்கேயே நில்லுங்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அப்புறம் மழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வரத்தான் செய்யும், அதைச் சாட்டி ஜிம்மை விட்ட மாதிரி இதையும் விடப் பார்ப்பீர்கள். இடி மின்னல் என்றால் கோயில் மண்டபத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருங்கள், விட்டதும் கிளம்பலாம். தூறல் என்றால் நடங்கள். அந்தச் சின்ன மடக்குக் குடை இரண்டு பேருக்குக் காணாது. நாளைக்கே பெரிய கறுப்புக் குடை ஒன்று வாங்குங்கள், பிடிப்பது நீங்கள்.