போர்டிகோ தொட்டியில் கொண்டைக்குருவி: பெயின்டரை எப்போது வரச் சொல்வது?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். போர்டிகோவில் தொங்கவிட்டிருக்கும் மணிபிளான்ட் தொட்டியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது. மார்ச் 26-ல் ஒரு முட்டை பார்த்தேன். 28-ல் மூன்றாகிவிட்டது. மே 4-ஆம் தேதி மகளுக்கு வளைகாப்பு. வெள்ளை அடிக்க ஏப்ரல் 10-ல் வருவதாகப் பெயின்டர் சொல்லியிருக்கிறார். தொட்டியை அப்படியே தூக்கிக் கொல்லைப்பக்க வேப்பமரத்தில் மாட்டிவிடலாமா? மனிதர் கை பட்டால் தாய்ப்பறவை திரும்பி வராது என்கிறார்களே, உண்மையா? செடிக்குத் தண்ணீர் எப்படி ஊற்றுவது? பூனை ஒன்றும் சுற்றி வருகிறது. என் தோழி வீட்டில் காலிங்பெல் ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இதே கணக்குதானா?

பதில்: தேதி குறித்து வைத்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. கூடு பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் "கொஞ்ச நாளாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது. உங்கள் தேதிகளை வைத்துப் போடலாம்.

கொண்டைக்குருவி நாளுக்கு ஒன்றாக இரண்டு அல்லது மூன்று முட்டை இடும். இளஞ்சிவப்புச் சாயலில், செம்பழுப்புப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருக்கும். அகன்ற முனையில் புள்ளிகள் நெருக்கமாகச் சேர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா முட்டையும் இட்டு முடிக்கிற சமயத்தில்தான் முறையாக அடைகாக்க உட்காரும். 26-ல் ஒன்று, 28-ல் மூன்று என்றால் கணக்கு 28-லிருந்து தொடங்குகிறது. அடைகாப்பு 12 முதல் 14 நாள். ஆக, ஏப்ரல் 9-லிருந்து 11-க்குள் குஞ்சு பொரியும். பெயின்டர் ஏணியோடு வந்து நிற்கப்போகும் அதே நாள்!

பொரித்த பிறகு குஞ்சுகள் கூட்டில் இருப்பது 10 முதல் 14 நாள்தான். எவ்வளவு தாமதமானாலும் ஏப்ரல் 25 வாக்கில் கூடு காலியாகிவிடும். வளைகாப்பு மே 4-ல். நடுவில் முழுதாக ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. ஏப்ரல் 10-ல் பெயின்டர் வரட்டும், உள் அறைகள், சமையலறை, மாடி, பின்பக்கச் சுவர் என்று தொடங்கட்டும். போர்டிகோவும் முன்சுவரும் மட்டும் 26-க்குப் பிறகு. ஒரு போர்டிகோவுக்கு இரண்டு மூன்று நாள் போதும். சுரண்டுவது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது எல்லாம் தூசி கிளப்பும் வேலைகள். அவற்றைக் கூட்டுக்கு அருகே அதற்கு முன் தொடங்க விடாதீர்கள். பெயின்டர் சலித்துக்கொண்டால் இன்னொன்றையும் சொல்லுங்கள்: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டையாடுதல் என்ற விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது.

இது ரொம்பப் பெரிய தியாகமும் இல்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே, சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், 2020-ல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டுவிட்டது என்பதற்காக ஊரே ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கு போடாமல் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். உங்களுக்கு இருட்டில் நடக்க வேண்டிய கஷ்டம்கூட இல்லை.

சரி, தொட்டியை வேப்பமரத்துக்கு மாற்றலாமா? வேண்டாம். நமக்குக் கூடு என்பது ஒரு பொருள், எங்கே கொண்டுபோய் வைத்தாலும் கூடுதான். பறவைக்கு அது ஒரு இடம். இந்தத் தூணைத் தாண்டி, இந்தக் கொக்கிக்குக் கீழே, இத்தனை உயரத்தில் என்று இடத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறது. தொட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோனால், தாய் பழைய கொக்கிக்கே வந்து சுற்றிச் சுற்றிப் பார்க்கும். வேப்பமரத்தில் முட்டைகள் சூடில்லாமல் கெட்டுப்போகும், இல்லாவிட்டால் காக்கைக்குப் போகும். ஒருவேளை காற்றில் தொட்டியே அறுந்து விழுந்தால் வேறு வழியில்லை, எடுத்து அதே கொக்கியில், அதே உயரத்தில் மாட்டிவிடுங்கள். கூடு மட்டும் சிதைந்திருந்தால் அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியில் காய்ந்த புல்லோடு அதை வைத்து, அதே தொட்டிக்குள் பொருத்துங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

கை பட்டால் வராது என்பது தவறான நம்பிக்கை. நம் வீட்டைச் சுற்றியிருக்கும் குருவிகள் மோப்பம் பிடித்துக் குஞ்சை ஒதுக்குவதில்லை. ஆனால் இந்த நம்பிக்கையால் ஒரு நன்மையும் உண்டு, பிள்ளைகள் கூட்டில் கை வைக்காமல் இருக்கிறார்கள். உண்மையில் பறவையை விரட்டுவது வாசனை இல்லை, தொந்தரவு. கூடு கட்டும்போதும் முட்டையிடும்போதும் தொந்தரவு செய்தால் சட்டென்று கைவிட்டுப் போய்விடும், வேறிடத்தில் புதிதாகத் தொடங்க இன்னும் காலம் இருக்கிறதே. நாள் ஆக ஆகப் பிடிமானம் கூடும். குஞ்சு பொரித்துவிட்டால் எளிதில் விட்டுப் போகாது. உங்கள் குருவி இப்போது நடுக்கட்டத்தில் இருக்கிறது. அதனால் பொரிக்கும் வரை எட்டிப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பகலில் கொஞ்ச நேரம் கூட்டில் ஆளில்லை என்றால் பதற வேண்டாம், இரை தேடப் போயிருக்கும். ஒரு பகல், ஓர் இரவு முழுக்க யாருமே வரவில்லை என்றால்தான் கைவிட்டதாக நினைக்க வேண்டும். சித்திரை வெயில் ஏறும்போது, குஞ்சுகள் மேல் தாய் சிறகை விரித்தபடி நிற்பதையும் நீங்கள் பார்க்கக்கூடும். அது அடைகாப்பு இல்லை, நிழல் கொடுப்பது.

எட்டிப் பார்ப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். பூனையைவிட எனக்குப் பயம் காக்கைமேல்தான். நாம் எங்கே அடிக்கடி போய்க் குனிந்து பார்க்கிறோம் என்பதை அது மதில்மேல் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கும். பல வருடங்களுக்கு முன், எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் இதே கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. படம் தெளிவாக வரவேண்டும் என்று மறைத்துக்கொண்டிருந்த நாலைந்து இலைகளை நான் கிள்ளிவிட்டேன். மறுநாள் காலை கூடு காலி. ஜோடி இரண்டும் வாயில் புழுவோடு அந்தக் கிளையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தன. அதற்குப் பிறகு எந்தக் கூட்டின் இலையையும் நான் தொட்டதில்லை. உங்கள் மணிபிளான்ட் கொடி கூட்டை மூடிக்கொண்டிருக்கிறது என்றால் அப்படியே விடுங்கள். ஒரு இலையைக்கூட ஒதுக்க வேண்டாம். படம் எடுப்பதென்றால் ஜன்னலுக்கு உள்ளிருந்து, பிளாஷ் இல்லாமல். செம்போத்து, வால்காக்கை, ஓணான், பாம்பு என்று முட்டைக்கும் குஞ்சுக்கும் காத்திருப்பவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். நாம் வழிகாட்ட வேண்டாம்.

பூனைக்கு ஒரே வழி, அது தாவும் இடத்தை எடுத்துவிடுவது. தொட்டிக்குக் கீழே, பக்கத்தில், நாற்காலி, ஷூ ஸ்டாண்ட், பைக், ஜன்னல் திண்டு என்று எது ஏறுபடியாக இருக்கிறதோ அதைத் தள்ளிப் போடுங்கள். தூணில் ஏறுகிறது என்றால், வழுவழுப்பான தகரத்தைத் தூணைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கட்டிவிடுங்கள். நகம் பிடிக்காது. இரவில் போர்டிகோ விளக்கை அணைத்துவிட்டால் தாய் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர்: மணிபிளான்ட் ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் சமாளிக்கும். வாடுவது தெரிந்தால், குருவி வெளியே போன நேரம் பார்த்து, கூட்டுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் ஒரு டம்ளர் மெதுவாக ஊற்றுங்கள். பூவாளி வேண்டாம். தோட்டத்தில் மாவுப்பூச்சிக்கு, கம்பளிப்பூச்சிக்கு என்று மருந்து அடிக்கும் பழக்கம் இருந்தால் ஏப்ரல் முழுக்க நிறுத்துங்கள். கொண்டைக்குருவி பழம் தின்னும் பறவை என்றாலும், குஞ்சுகளுக்கு முதலில் ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். மருந்தடித்த புழு நேராகக் குஞ்சின் வாய்க்குப் போகும்.

குஞ்சுகள் வந்த பிறகு ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். போர்டிகோ தரை எச்சமாகிவிடுமே என்று நினைப்பீர்கள். ஆகாது. குஞ்சின் எச்சம் ஒரு வெள்ளைச் சவ்வுப் பைக்குள் வெளியே வரும். ஊட்டி முடித்த பெற்றோர் கொஞ்சம் காத்திருந்து அதை விழுங்கிவிடும். கூட்டில் நாற்றமோ அடையாளமோ இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். முட்டை ஓட்டையும் கூட்டில் விட்டுவைக்காது. அதனால் ஏப்ரல் 10 வாக்கில் முட்டையும் காணோம், ஓடும் காணோம் என்று கலங்காதீர்கள். தாய் தகப்பன் போவதும் வருவதுமாக இருந்தால் உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. இரண்டில் எது தாய் என்று மட்டும் கேட்காதீர்கள், இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இனி, உங்களைக் கட்டாயம் பதற வைக்கப்போகிற நாள். ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு காலையில், வால் முளைக்காத குஞ்சு ஒன்று தரையில் தத்திக்கொண்டிருக்கும். விழுந்துவிட்டது என்று நினைப்பீர்கள். விழவில்லை, வெளியேறிவிட்டது. கொண்டைக்குருவிக் குஞ்சு நன்றாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும். மூன்றும் ஒரே இடத்தில் கத்திக்கொண்டிருப்பதைவிட மூன்று செடிகளில் பிரிந்து ஒளிந்திருப்பது அவற்றுக்குப் பாதுகாப்பு. இறகு முளைத்த குஞ்சென்றால் கையில் எடுத்துப் பக்கத்துச் செடிக்குள், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் விட்டுவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். குரல் கேட்டு பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். வீட்டுக்குள் கொண்டுபோய் அட்டைப்பெட்டியில் வைப்பதுதான் நல்ல மனதோடு நாம் செய்யும் பெரிய தவறு. இறகே இல்லாத, கண் திறக்காத குஞ்சு விழுந்திருந்தால் மட்டும் எடுத்துக் கூட்டில் வையுங்கள். எந்தக் குஞ்சானாலும் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, நுரையீரலுக்குள் போய்விடும். பால், சோறு, இட்லி எதுவும் வேண்டாம். பூனை கடித்த குஞ்சாக இருந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடமோ வனத்துறை அலுவலகத்திலோ சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் தோழியின் தேன்சிட்டு. அவர் ஒயர் என்று சொன்னதும் அது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கூட்டைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டுவது பெண் சிட்டுதான், ஆண் பக்கத்தில் வந்து வந்து போகும். சிலந்தி வலையைப் பசையாக வைத்து, நாரும் காய்ந்த சருகும் சேர்த்து, தொங்கும் ஒரு பை. வெளியே மரப்பட்டைத் துணுக்கு, சிறகு விதை என்று ஒட்டிவைத்து, பார்ப்பவர் ஒட்டடை என்று நினைக்கும்படி செய்திருக்கும். துடைப்பத்தால் தட்டப்படும் தேன்சிட்டுக் கூடுகள் அதனால்தான் அத்தனை. உள்ளே எருக்கம் பஞ்சு மெத்தை. இரண்டு முட்டை, 14 முதல் 16 நாள் அடைகாப்பு, பிறகு ஏறத்தாழ 17 நாள். அதனால் கொண்டைக்குருவியைவிட ஒரு வாரம் அதிகம் காத்திருக்க வேண்டும். காலிங்பெல்லைத் தற்காலிகமாக இணைப்பு எடுத்துவிட்டு, கதவில் "தட்டவும்" என்று எழுதி ஒட்டினால் போதும்.

மைனாவுக்கு இதைவிடவும் அதிக நாள் ஆகும். ஏசி ஓட்டையிலோ குழாயிலோ அது புகுந்துவிட்டால் அடைகாப்பும் வளர்ப்புமாக நாற்பது நாளை எட்டிவிடும். அதனால் அந்த ஓட்டைகளை மார்கழி, தை மாதங்களிலேயே, உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு வலை போட்டு அடைத்துவிட வேண்டும். சிட்டுக்குருவி நாலு வாரத்துக்குள் முடித்துவிடும். அது வீட்டுக்குள் கட்டினால் மின்விசிறியை ஓட விடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

கடைசியாக, கூடு காலியானதும் உள்ளே பாருங்கள். விளிம்பு நசுங்கித் தட்டையாக இருந்தால், குஞ்சுகள் வளர்ந்து மிதித்துவிட்டுப் போயிருக்கின்றன. கிண்ணம் கட்டியபடியே வடிவாக இருந்து, குஞ்சு மட்டும் இல்லையென்றால் ஏதோ பிடித்துப் போயிருக்கலாம். எப்படியானாலும் கொண்டைக்குருவி பழைய கூட்டை அநேகமாகத் திரும்பப் பயன்படுத்தாது. இரண்டு நாள் விட்டு, கையுறை போட்டு எடுத்துவிடலாம். கூட்டில் செல் என்னும் சிறு பூச்சி இருக்கும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதே ஜோடி ஒரே பருவத்தில் இன்னொரு முறையும் முட்டையிடக்கூடும் என்பதால், பெயின்ட் வேலை முடியும் வரை தொட்டியை உள்ளே வைத்துவிடுங்கள். வளைகாப்பு முடிந்ததும் பழைய கொக்கியிலேயே மாட்டிவிடலாம்.