பிஎம்பி இப்போது வேண்டாம்

திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், மனைவி மகளோடு போன மாதம் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார். மகள் சிவில் இன்ஜினியரிங் முடித்து நான்கு மாதம் ஆகிறது. துபாயில் இருக்கும் சித்தப்பா, "பிஎம்பி முடிச்சுட்டு வா, மீதியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாராம். பிஎம்பி என்ற அந்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழுக்கு ஒரு கோச்சிங் சென்டர் எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய் கேட்டிருக்கிறது. அம்மாவின் வளையல் அடகுக்குத் தயார்.

கொஞ்ச நேரம் ஆறுதலாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த சென்டரின் நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரி: "அனுபவச் சான்று உட்பட." அதற்கு மேல் எனக்கு ஆறுதல் வரவில்லை.

பிஎம்பி என்பது 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட், அதாவது பிஎம்ஐ, கொடுக்கும் சான்றிதழ். நான்கு வருடப் பட்டம் படித்தவர் அதை எழுத, ப்ராஜெக்டை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவத்தைக் காட்ட வேண்டும். நான்கு மாதத்துக்கு முன் ஹால் டிக்கெட்டோடு நின்ற பெண்ணுக்கு அது எங்கிருந்து வரும்? பேப்பரில்தான் வரும். விண்ணப்பங்களில் சிலவற்றை பிஎம்ஐ தணிக்கைக்கு எடுக்கிறது. அப்போது அந்த வேலையை அறிந்த மேலதிகாரி போன்ற ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். மாட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். துபாயில் இன்டர்வியூ எடுப்பவர், "மூன்று வருடத்தில் எந்த சைட், எவ்வளவு பட்ஜெட்?" என்று கேட்டால் இவள் என்ன சொல்வாள்?

"அவர் நல்லதுக்குத்தானுங்க சொல்றாரு" என்றார் அம்மா. நல்லதுக்குத்தான். ஆனால் சித்தப்பா பல வருடம் சைட்டில் வெயில் காய்ந்த பிறகு எழுதியவர். அவருக்கு அது பதவி உயர்வு, இவளுக்கு அது பொய். அனுபவச் சான்றும் தருகிறோம் என்று போடும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

எம்பிஏ, எம்டெக் பற்றியும் கேட்டார்கள். அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருப்பதால் நான் மகள் பக்கம் திரும்பினேன். இன்டர்ன்ஷிப்பில் எது பிடித்தது? "ஷட்டரிங், கம்பி கட்டறது எல்லாம் பார்த்தேன் சார். ஆனா ஆபீஸ் சுவத்துல ஒரு பார் சார்ட் ஒட்டியிருப்பாங்க. எது லேட்டானா எது தள்ளிப்போகும்னு நானே கணக்குப் போட்டுப் பாப்பேன்."

பிளானிங் இன்ஜினியர் என்று ஒரு வேலை இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவிடம் ஒரு பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு அவருடைய தொழிலை வைத்தே சொன்னேன்.

பாடி இல்லாத சேஸ் வந்து நிற்கிறது. ஒரு பக்கம் கேபின், 12 நாள். இன்னொரு பக்கம் வேறு ஆட்கள் பின்பக்க பாடி, 9 நாள். இரண்டும் முடிந்தால்தான் பெயின்ட், 6 நாள். மொத்தம் 18 நாள். பாடி வேலை இரண்டு நாள் இழுத்தாலும் வண்டி சொன்ன தேதியில் போய்விடும், ஏனென்றால் அங்கே 3 நாள் இடைவெளி இருக்கிறது. அதற்குப் பெயர் ஃப்ளோட். கேபின் ஒரே ஒரு நாள் இழுத்தால் டெலிவரியும் ஒரு நாள் தள்ளும். கேபின், பெயின்ட் என்று ஓடும் அந்த வரிசைதான் கிரிட்டிகல் பாத். 1950-களின் கடைசியில் டூபான்ட் கம்பெனியில் உருவான கணக்கு இது. "அப்ப ஆளைக் கேபின் பக்கம் மாத்தி விடணும்" என்றார் உடனே. அதேதான்.

அடுத்தது பணம். 6 லட்ச ரூபாய் வேலை. இன்றைக்குள் பாதி, அதாவது 3 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததோ 2.4 லட்சத்துக்கான வேலை. செலவானது 3.2 லட்சம். 2.4-ஐ 3.2-ஆல் வகுத்தால் 0.75. ஒரு ரூபாய் போட்டால் முக்கால் ரூபாய் வேலைதான் நடக்கிறது. இப்படியே போனால் 6 லட்சம் 8 லட்சத்தில் முடியும். இதை ஏர்ன்ட் வேல்யூ என்பார்கள். பாதி வழியிலேயே நஷ்டம் கண்ணில் படுவதுதான் இதன் அருமை. வண்டி ஓனர் நடுவில் வந்து "ஒரு டூல் பாக்ஸும் சேர்த்துடுங்க" என்பாரே, அதை விலையும் நாளும் எழுதி வாங்காமல் செய்யக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் ஒரு அத்தியாயம். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் பழைய பாக்கிகள் தெரிந்தன.

பெரிய காண்டிராக்டர்களிடம் இதே வேலை ஆயிரக்கணக்கான வரிகளில் ப்ரைமவேரா மென்பொருளில் நடக்கும். டிராயிங் தாமதமாக வந்ததால்தான் வேலை தாமதம் என்று அட்டவணையை வைத்து நிரூபித்தால் கூடுதல் நாள் கிடைக்கும். நிரூபிக்க முடியாவிட்டால் அபராதம். அந்த நிரூபணத்தைத் தயாரிப்பவர் பிளானிங் இன்ஜினியர். மென்பொருளை மட்டும் கற்றுக்கொண்டு வருபவர்கள் உண்டு. கணக்கு தெரியாமல் பட்டனைத் தட்டினால் அழகான பொய் அட்டவணைதான் வரும்.

சான்றிதழும் வேண்டும் என்றால், அதே பிஎம்ஐயின் சிஏபிஎம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் இருக்கிறது. வேலை அனுபவம் கேட்பதில்லை. பள்ளிப் படிப்பு முடித்திருந்து, 23 மணி நேரம் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடம் படித்திருந்தால் போதும். மூன்று மணி நேரம், 150 கேள்வி. அடிப்படைக் கருத்துகள் 36 சதவீதம், தொழிலுக்கு என்ன தேவை என்று ஆராயும் பிசினஸ் அனாலிசிஸ் 27, சின்னச் சின்னக் கட்டமாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் அஜைல் 20, முன்திட்டமிட்டுச் செய்யும் முறை 17. சிவில் பிள்ளைகள் கடைசியதை மட்டும் படித்துவிட்டு அஜைலில் வழுக்குவார்கள். அது சாஃப்ட்வேர்காரர்கள் சமாச்சாரம் என்ற நினைப்பு. பிற்பாடு பிஎம்பி எழுதும்போது கேட்கும் 35 மணி நேரப் படிப்பும் இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் தேவையில்லை. கட்டணம் சில நூறு டாலருக்குள் முடியும். வளையல் கையிலேயே இருக்கட்டும்.

ஆனால் முதலில் வேலை. டிரெய்னியாகச் சேரட்டும், சம்பளம் குறைவாக இருந்தாலும். ஆறு மாதம் கழித்து, தன் சம்பளத்திலிருந்தே தேர்வுக் கட்டணம் கட்டட்டும். "ஏசி ரூம் வேலைதானுங்களே?" என்று அம்மா கேட்டார். இல்லை. முதல் இரண்டு வருடம் தினமும் சைட்டில் நடக்க வேண்டும். எத்தனை கன மீட்டர் கான்கிரீட் போட்டார்கள் என்று கண்ணால் பார்க்காதவள் போடும் அட்டவணையை ஃபோர்மேன் மதிக்க மாட்டார். அம்மா முகம் சுருங்கியது. மகள் தலையாட்டினாள். நான் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சித்தப்பா கேட்டா என்னங்க சொல்றது?" என்று எழும்போது அப்பா தயங்கினார். என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். கேபின் கணக்கு போட்ட பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பட்டறையில் ஒரு வண்டி நிற்கிறதாம், ஓனருக்கு டியூ ஓடுகிறதாம்.