பிஜி சீட்டுக்கு வெளியூர் மருத்துவமனைப் பயிற்சி அவசியமா?

மதிப்பிற்குரிய ஐயா,

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள், பட்ட மேற்படிப்புக்கு (பிஜி) முன் சென்னையிலோ டெல்லியிலோ ஒரு பெரிய மருத்துவமனையில் ஒரு மாதமாவது பயிற்சி எடுக்காவிட்டால் நல்ல பிரிவு கிடைக்காது என்று அமெரிக்காவில் மகன் இருக்கும் உறவினர் ஒருவர் சொன்னதாகவும், அதற்காக நகையை அடகு வைக்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடகு வைக்க வேண்டாம். உறவினர் சொன்னது அவர் மகன் இருக்கும் நாட்டுக்குப் பொருந்தும். நம் நாட்டு பிஜி சேர்க்கைக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் ரெசிடென்சி எனப்படும் மேற்பயிற்சி இடங்கள் 'மேட்ச்' என்னும் முறையில் நிரப்பப்படுகின்றன. அங்கே மதிப்பெண்ணோடு நேர்காணலும், உடன் வேலை செய்த மூத்த மருத்துவர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதங்களும் எடைபோடப்படுகின்றன. அங்கே மருத்துவ உரிமம் பெற எழுதும் யுஎஸ்எம்எல்இ தேர்வின் முதல் கட்டத்தில் 2022 முதல் மதிப்பெண் வழங்காமல் தேர்ச்சி, தோல்வி மட்டும் அறிவிப்பதால் அக்கடிதங்களின் எடை இன்னும் கூடியிருக்கிறது. எலும்பு மருத்துவம், அவசர சிகிச்சை போன்ற பிரிவுகளை விரும்பும் மாணவர் வேறொரு மருத்துவமனைக்குச் சென்று நான்கு வாரம் தம் வேலையைக் காட்டுவது அங்கே ஏறத்தாழ வழக்கமாகிவிட்டது.

இங்கே நிலைமை வேறு. நீட் பிஜி ரேங்க், இட ஒதுக்கீடு, கவுன்சலிங்கில் தேர்வு செய்யும் வரிசை ஆகியவைதான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. புதுச்சேரி ஜிப்மரோ டெல்லி எய்ம்ஸோ வேண்டுமென்றாலும் ஐஎன்ஐ-செட் என்னும் தேர்வுதான் வழி. எந்த மருத்துவமனைச் சான்றிதழுக்கும் இவற்றில் அரை மதிப்பெண் கூடக் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் ஓரமாக நிற்கவிட்டு, பளபளப்பான சான்றிதழ் தரும் இடைத்தரகர்கள் பெருகியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சீட்டுக்கு உதவும் வெளிவழி என்றால், மாநில ஒதுக்கீட்டு பிஜி இடங்களில் 50 விழுக்காட்டை அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்குத் தமிழக அரசு ஒதுக்கியிருப்பதைப் பாருங்கள். ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையப் பணி, டெல்லியில் கழித்த ஒரு மாதத்தைவிடத் தங்கள் மகளுக்குப் பயன்படக்கூடும்.

வெளியே போவதே வீண் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பிரிவு தமக்குப் பொருந்தும் என்று தெரியாமல் தவிக்கும் மாணவருக்கு, தம் கல்லூரியில் இல்லாத ஒரு துறையை இரண்டு வாரம் அருகிருந்து பார்ப்பது நல்லது. பாடத்திட்டத்திலேயே உள்ள எலெக்டிவ் காலம், அதாவது மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் துறையில் பயிலும் காலம், அதற்காகத்தான். ஆனால் அதற்குமுன், கையருகில் இருப்பதைத் தங்கள் மகள் முழுதாகப் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். சம்பா நடவுக் காலத்து இரவில் கேஷுவால்டிக்குப் பாம்புக்கடியோடு ஒரு விவசாயத் தொழிலாளி வருகிறார். அவருடைய இரத்தத்தில் சில மில்லிலிட்டரை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் வழிந்தால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடி என்று கொண்டு நச்சுமுறி மருந்தைத் தொடங்குவார்கள். அந்த இருபது நிமிடத்தில் கண் இமை தொங்குகிறதா, மூச்சு தளர்கிறதா என்று நோயாளியின் அருகில் நின்று கவனிப்பவர் பயிற்சி மருத்துவர்தான். பூச்சிமருந்து குடித்தவரையும் தஞ்சை இராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் சிக்கலான பிரசவத்தையும் பார்த்துப் பழகும் வாய்ப்பு, பெருநகரத் தனியார் மருத்துவமனையில் பார்வையாளராக நிற்பவருக்குக் கிடைக்காது.

இன்டர்ன்ஷிப் என்பது இறுதித் தேர்வுக்குப் பின் பல துறைகளில் மாறிமாறிப் பணிசெய்யும் பன்னிரண்டு மாதக் கட்டாயச் சுழற்சி. அதன் நடுவே வெளியூர் செல்வதானால் கல்லூரி முதல்வரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுமதித்த விடுப்புக்கு மேல் போன நாட்களைப் பின்னால் ஈடுசெய்ய வேண்டியிருக்கும். அப்படிப் பணி முடியும் தேதி தள்ளிப்போய், அந்த ஆண்டு நீட் பிஜிக்கு வைத்துள்ள கடைசித் தேதியைத் தாண்டிவிட்டால் ஓராண்டே போய்விடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தங்கள் மகளே அமெரிக்காவுக்குப் போக உறுதியாக இருந்தால், அங்கே பயிற்சி எடுப்பது அவசியம். அதையும் பட்டம் பெறுவதற்கு முன்பே எடுப்பது நல்லது. மாணவராகச் சென்றால் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கவும் குழுவோடு வேலை செய்யவும் பல இடங்களில் விடுவார்கள்; பட்டம் பெற்றபின் சென்றால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நிற்க மட்டுமே முடியும், கடிதமும் அதற்கேற்ப வலுக்குறைந்தே இருக்கும். விசா, தடுப்பூசிச் சான்றுகள், காப்பீடு, டாலரில் கட்டணம் என்று ஏற்பாட்டுக்குப் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால், இது உறவினரின் விருப்பமா மகளின் விருப்பமா என்பதை அவரிடமே இந்த வாரம் கேட்டுவிடுங்கள். அமெரிக்கா என்று அவர் சொன்னால் கல்லூரி அலுவலகத்தில் எலெக்டிவ் விதிகளின் நகலைப் பெற்றுக்கொண்டு இருவரும் என்னை வந்து பாருங்கள். இங்கேயே படிப்பதாகச் சொன்னால், அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி நீட் பிஜி பயிற்சிக்குப் போதும்.