ரீலை மாற்றுமுன் கழற்றிப் பாருங்கள்: சிறு படகில் தூண்டில் போடுவோரின் கேள்விகள்

பெங்களூருவில் தூண்டில்காரர்கள் இருக்கிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. ஆனால் ஞாயிறு விடிகாலை நான்கு மணிக்கு ஹோசூர் ரோட்டிலும் பழைய மெட்ராஸ் ரோட்டிலும் ராடு (தூண்டில் கழி) உறையோடு போகும் பைக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழை நின்று ஏரிகள் நிரம்பியிருப்பதால் இந்த முறை கேள்விகளும் நிறைய.

கேள்வி (மர்பி டவுன் வாசகர்): ஐயா, மாலூர் பக்கம் சித்தப்பா குத்தகைக்கு எடுத்திருக்கும் ஏரியில் காற்றடைத்த சின்னப் படகில் தூண்டில் போடுகிறேன். நடுவில் கட்லா, ரோகு, கரையோரம் விரால். நான்கு வருஷத்து 4000 சைஸ் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) இப்போது கரகரவென்கிறது. மீன் இழுக்கும்போது டிராக் (நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிடி) விட்டு விட்டுப் பிடிக்கிறது. கடையில் "இது போயிடுச்சு சார், 6,500க்குப் புதுசு எடுத்துக்குங்க" என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இப்போதே எடுக்காதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டுமே பெரும்பாலும் கையால் சரிசெய்யக்கூடியவை.

கரகரப்பிலிருந்து ஆரம்பிப்போம். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கழற்றி வைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு உள்ளே. சும்மா சுற்றினால் சத்தமில்லை, நரம்பில் பாரம் ஏறினால்தான் சத்தம் என்றால் சந்தேகம் லைன் ரோலர் மேல் போக வேண்டும். அதுதான் நரம்பைத் திருப்பிவிடும் சின்ன உருளை. ஒருவரை நரம்பின் முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லி, நீங்கள் சுற்றிக்கொண்டே அந்த உருளையைப் பாருங்கள். அது சுழலாமல் நின்று நரம்பு மட்டும் உரசிக்கொண்டு போனால், சத்தத்துக்கும் நரம்பு முறுக்கிக்கொள்வதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் பல நேரம் போதும். நானே ஒருமுறை கடைக்காரர் சொன்னதைக் கேட்டு நல்ல ரீல் ஒன்றை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்கினேன். ஆறு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது இறுகியிருந்தது இந்த உருளை மட்டும்தான். அந்தப் பணத்தின் வலி இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சத்தம் உள்ளேதான் என்றால், கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்று முழுக்க மணல் அரைப்பதுபோல் இருந்தால் பேரிங்கில் அழுக்கு அல்லது துரு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "டக்" என்று தட்டினால் கியர் பல் அடிபட்டிருக்கிறது. உங்கள் விலை வரம்பில் உள்ள ரீல்களுக்கு உதிரி கியர் தேடி அலைவது வீண். அப்போது மட்டும் புதிது வாங்குங்கள். பேரிங் என்றால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு எஸ்.ஜே.பி. ரோடு பேரிங் கடைகளுக்குப் போங்கள். "தூண்டில் ரீல் பேரிங்" என்று கேட்டால் கைவிரிப்பார்கள். உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையும் மில்லிமீட்டரில் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் மூடியுள்ள ஸ்டெயின்லெஸ் வகை வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கழற்றும்போது பழைய செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு திருகுக்கும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங்குக்கும் உருளைக்கும் எண்ணெய், கியருக்கு கிரீஸ். இதை மாற்றிப் போட்டால் ரீல் ஒன்று கனக்கும், இல்லை தேயும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் துரு நீக்கும் ஸ்ப்ரேயை ரீலுக்குள் அடிக்காதீர்கள். அது ஈரத்தை விரட்டும், கூடவே உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். முதல் நாள் வெண்ணெய்போல் சுற்றும், அடுத்த மாதம் கியர் தேய்ந்திருக்கும்.

இனி டிராக். ஸ்பூலின் தலையில் உள்ள குமிழைக் கழற்றினால் கம்பி வளையம் ஒன்றும், அதற்கடியில் அடுக்கடுக்காக வாஷர்களும் இருக்கும். வரிசை மாறக்கூடாது. ஒரு வாஷர் இடம் மாறினாலும் டிராக் பிடிக்காது. கார்பன் வாஷராக இருந்தால் துடைத்து, டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவுங்கள். கம்பளி வாஷர் காய்ந்து தட்டையாகிப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். வண்டி கிரீஸ் இரண்டுக்கும் ஆகாது. வாஷர் தட்டையாவதற்கு முக்கியக் காரணம், ஞாயிறு இறுக்கிய டிராக்கை அடுத்த ஞாயிறு வரை அப்படியே விட்டுவைப்பது. வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடுங்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. ரீலை போர் தண்ணீரிலோ டேங்கர் தண்ணீரிலோ கழுவாதீர்கள். பக்கெட்டின் ஓரத்தில் படியும் அதே வெள்ளை உப்புத்தான் உருளையிலும் பேரிங்கிலும் படிகிறது. நல்ல தண்ணீர் ஏரியில் பிடிப்பவருக்குக் குழாயைத் திறந்து கழுவும் தேவையே இல்லை. காவேரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காயவையுங்கள். நுரை மிதக்கும் ஏரியாக இருந்தால் மட்டும், டிராக்கை இறுக்கி மூடிவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, பிறகு டிராக்கைத் தளர்த்துங்கள்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): தங்கூசி (ஒற்றை இழை) நரம்பை எடுத்துவிட்டு பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) போட்டேன். ஸ்பூலே வழுக்கிச் சுற்றுகிறது. பெரிய மீன் வந்தால் முடிச்சிலேயே அறுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பிரெய்டு நல்லதுதான், கட்டிய விதத்தில்தான் பிழை. பிரெய்டு வழவழப்பானது. உலோக ஸ்பூலில் நேராகக் கட்டினால் மொத்தக் கட்டும் சேர்ந்து வழுக்கும். முதலில் பத்துப் பதினைந்து சுற்று பழைய தங்கூசியைப் போட்டு, அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள்.

அறுவதற்குக் காரணம், பிரெய்டு நீளாது. தங்கூசி ரப்பர்போல் கொஞ்சம் இழுபட்டு அதிர்ச்சியைத் தாங்கும். பிரெய்டில் அந்த வேலையை டிராக்தான் செய்ய வேண்டும். லக்கேஜ் எடை பார்க்கும் கைத்தராசை நரம்பில் மாட்டி இழுங்கள். நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் விட்டுக்கொடுக்க வேண்டும். 10 கிலோ நரம்பென்றால் இரண்டரை, மூன்று கிலோவில். முனையில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தங்கூசி அல்லது ஃப்ளூரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன் வரும் துண்டு நரம்பு) கட்டுங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள்.

வாங்கும்போது அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் பவுண்டு கணக்கைப் பார்க்காதீர்கள், விட்டத்தைப் பாருங்கள். பிரெய்டின் தடிமனைச் சொல்லும் எண் பிஇ: பிஇ 1 என்பது சுமார் 0.165 மி.மீ., பிஇ 2 என்பது 0.235 மி.மீ. கட்லாவுக்கு பிஇ 2 தாராளம். ஒரு வருஷம் ஓடிய பிரெய்டைத் தூக்கி எறியாமல் தலைகீழாக மாற்றிச் சுற்றுங்கள். அடியில் கிடந்த பகுதி புதிதுபோலவே இருக்கும். தங்கூசிக்கு இந்தச் சலுகை இல்லை, வெயில் அதை உள்ளுக்குள்ளேயே பலவீனமாக்கும். அறுத்த துண்டுகளை ஏரியில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நீர்க்காகங்கள் காலில் சுற்றிச் சாவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): இணையத்தில் 3,800 ரூபாய்க்கு வாங்கிய கார்பன் ராடு முதல் நாளே, இரண்டு கிலோ ரோகுவுக்கே உடைந்தது. "உபயோகித்த பொருளுக்குப் பொறுப்பில்லை" என்கிறார் விற்றவர். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: சட்டத்துக்கு முன்னால் உடைந்த இடத்தைப் பாருங்கள், உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. நுனியிலிருந்து ஒரு அடிக்குள் உடைந்திருந்தால், மீனைப் படகோரம் கொண்டுவந்து ராடை செங்குத்தாகத் தூக்கியிருக்க வாய்ப்பு அதிகம். படகில் உட்கார்ந்து பிடிப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. வலையால் அள்ளுங்கள், ராடால் தூக்காதீர்கள். இரண்டு துண்டும் சேரும் இணைப்பில் பிளந்திருந்தால் சரியாகச் சொருகாமல் வீசியிருக்கலாம். ஆனால் கைப்பிடிக்கு மேலே, தடித்த பகுதியில், இரண்டு கிலோ மீனுக்கு முறிந்தது என்றால் தயாரிப்புக் குறைதான் முதல் சந்தேகம்.

அப்படியானால் விடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். உடைந்த துண்டுகள், பெட்டி, பெட்டி மேல் ஒட்டிய விவரச்சீட்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். வெளிநாட்டுப் பொருளென்றால் அந்தச் சீட்டில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அதுவே தனிப் புகார்.

விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-இல் வந்த மின்வணிக விதி. அசையவில்லையா, 1915-ஐ அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் பெங்களூருவிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. இவ்வளவு தூரம் பெரும்பாலும் போகாது, எழுத்தில் வந்த புகாரிலேயே பலர் இறங்கிவிடுவார்கள்.

கேள்வி (காக்ஸ் டவுன்): படகுக்கு 55 பவுண்டு தள்ளுவிசை உள்ள மின்சார மோட்டார் வாங்கப் போகிறேன். வீட்டில் பழைய 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா கிடக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா? லித்தியம் விலை மலைக்க வைக்கிறது.

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அந்தப் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். சின்னப் படகில் கூடுதலாக ஓர் ஆளை ஓர் ஓரத்தில் ஏற்றியதற்குச் சமம். படகு சாய்ந்தால் அமிலம் சிந்தும், காற்றடைத்த படகில் அது எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். கார் பேட்டரியும் சரிப்படாது. ஒரு நொடி வேகமாகக் கொடுத்து வண்டியைக் கிளப்பச் செய்யப்பட்டது அது. மணிக்கணக்கில் மெல்ல இழுத்தால் சீக்கிரம் செத்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஏஎச் ஈய-அமிலப் பேட்டரியை அதன் ஆயுள் கருதிப் பாதிவரைதான் காலி செய்யலாம். அதாவது முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூட முழுசாகக் கிடைக்காது. அதே 100 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் எண்பது சதவீதத்துக்கு மேல் தைரியமாக எடுக்கலாம். எடை சுமார் 12 கிலோ. ஈயமோ 30 கிலோவை ஒட்டி வரும். மாடியிலிருந்து இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, ஏரிக்கரையில் சுமக்கப் போவது நீங்கள்தான். எனவே நான் லித்தியம் பக்கம். பணம் போதவில்லை என்றால் மோட்டாரைச் சின்னதாக்குங்கள். ஏரியில் மெதுவாகப் போகும் இரண்டு பேர் படகுக்கு 34 பவுண்டு, 40 பவுண்டு போதும், இழுக்கும் ஆம்பியரும் குறைவு.

எஸ்.பி. ரோட்டில் செல்களைச் சேர்த்துக் கட்டித்தரும் கடைகள் உண்டு. விலை குறைவு, ஆனால் மூன்று விஷயம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் (50 ஆம்பியர் மோட்டாருக்கு 60க்குக் குறையக்கூடாது), எத்தனை மாத உத்தரவாதம், உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா சரிசெய்து தருவார்களா. உங்கள் கண்ணெதிரே பாரம் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை. இன்வெர்ட்டர் சார்ஜரை லித்தியத்துக்குப் போடாதீர்கள். அதற்கென உள்ள சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள். வயர் 16 சதுர மி.மீ. தாமிரம், பேட்டரி முனைக்கு மிக அருகில் ஒரு பிரேக்கர். இதில் மிச்சம் பிடித்தால் வயர் சூடாகி உருகும்.

கேள்வி (ஹெப்பால்): மோட்டாரை ஓட்டினால் ஃபிஷ் ஃபைண்டர் (ஒலியலையால் மீனைக் காட்டும் கருவி) திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகிறது. கருவி பழுதா?

பதில்: கருவி பழுதில்லை, மோட்டாரின் மின்னிரைச்சல். கருவிக்குத் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி, 3 ஆம்பியர் ஃப்யூஸ். மோட்டார் வயருக்கு ஒட்டி அதன் வயரைக் கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று: சாதாரண 20 டிகிரி சென்சார் 6 மீட்டர் ஆழத்தில் இரண்டு மீட்டர் அகல வட்டத்தை மட்டுமே பார்க்கிறது. நம் ஏரிகள் பலவும் அதைவிட ஆழம் குறைந்தவை. கரையோர விராலுக்கு இந்தக் கருவியால் பயனில்லை. இதைவிடப் பெரிய திரை வாங்க நினைத்திருந்தால் அந்தப் பணத்தை நிறுத்துங்கள்.

கேள்வி (கே.ஆர்.புரம், ஒரு வாசகி): வீட்டுக்காரரும் பத்து வயது மகனும் படகில் போகிறார்கள். லைஃப் ஜாக்கெட் மூன்று வருஷம் பழையது. உட்கார மெத்தையாகத்தான் அதிகம் பயன்படுகிறது. மாற்ற வேண்டுமா? அவர் "இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.

பதில்: மாற்றுங்கள் அம்மா. இந்தப் பக்கத்தில் இன்று நான் செலவு செய்யச் சொல்லும் முதல் பொருள் அதுதான். உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்க நசுங்க மிதக்கும் சக்தி குறையும். மேலே உட்கார்ந்தே மூன்று வருஷம் போயிருக்கிறது. பையனுக்குப் பெரியவர் அளவு வேண்டாம், தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மேலே வரும், பிள்ளை கீழே நழுவும். எடைக்கேற்ற அளவில், கால்களுக்கிடையே மாட்டும் பட்டை உள்ளதாக வாங்குங்கள். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அந்த அளவு சரியில்லை. வாங்கியதும் நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் ஒருமுறை மிதக்கவிட்டுப் பாருங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், மிதக்காவிட்டால் மறுநாளே கடைக்குப் போகலாம்.

கார்பன் ராடு மின்சாரம் கடத்தும் என்பதையும் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்கு வரட்டும். படகை இறக்கும் இடத்தில் மேலே மின்கம்பி போனால், ராடைப் பிரித்து உறையில் போட்ட பிறகே நடக்கட்டும்.