கன்ட்ரோலர் பேட்டரி மாற்ற சப்ளையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: கோவையில் ஒரு மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஏசி பிளான்ட்டையும், குளிர்ந்த காற்றை அறைகளுக்கு அனுப்பும் ஏ.எச்.யு.க்களையும் 14 கன்ட்ரோலர்கள் நடத்துகின்றன. போட்டு 8 வருடம் ஆகிறது. மூன்றில் இப்போது ‘பேட்டரி லோ’ அலாரம் வந்து நிற்கிறது. ஆனால் எல்லாம் வழக்கம்போல ஓடுகிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 3.6 வோல்ட் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை சப்ளையை நிறுத்திவிட்டு 14-இலும் மாற்றிவிடலாம் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில்: மாற்றுங்கள். சப்ளையை மட்டும் நிறுத்தாதீர்கள், அதுவும் லேப்டாப்பில் பேக்கப் எடுப்பதற்கு முன்னால் கட்டாயம் கூடாது.

காரணம் இதுதான். பழைய தலைமுறை கன்ட்ரோலர்கள் பலவற்றில் புரோகிராம், செட்பாயின்ட் (வைத்திருக்க வேண்டிய வெப்பநிலை போன்ற இலக்கு அளவு), ஷெட்யூல் எல்லாம் எஸ்ரேம் என்ற நினைவகத்தில் இருக்கும். கரன்ட் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். கரன்ட் போனால் அந்த ஞாபகத்தையும் கடிகாரத்தையும் தாங்குவது அந்தச் சின்ன பேட்டரி. அலாரம் வந்துவிட்ட பேட்டரி அதைத் தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சப்ளை இருப்பதால்தான் இன்று எல்லாம் ஓடுகிறது. அந்தச் சப்ளையையும் நிறுத்தினால் எட்டு வருட உழைப்பு ஒரு நொடியில் அழியலாம். தொழிற்சாலைகளில் ஓடும் சீமென்ஸ் எஸ்7-300 கன்ட்ரோலர் வகையின் பழைய, பேட்டரி உள்ள சிபியுக்களிலும் இதே விதிதான்: சப்ளை ஓடும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். நல்ல எண்ணத்தோடுதான் பிரேக்கரை இறக்கினார்கள். திரும்பப் போட்டபோது கன்ட்ரோலர் வெறுமையாக எழுந்தது. புரோகிராம் எழுதிய ஆள் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார், சிடியும் இல்லை. வயரைத் தடவித் தடவி, எந்த சென்சார் எந்த இன்புட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்து மறுபடி எழுத மூன்று நாள் பிடித்தது. உங்களுடையது மருத்துவமனை. அறுவை அரங்கின் ஏ.எச்.யு. மூன்று நாள் காத்திருக்காது.

அதனால் முதல் வேலை பேக்கப். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கட்டடம் ஒப்படைத்த அன்று கொடுத்த ஃபைல் இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். எட்டு வருடத்தில் யாராரோ வந்து செட்பாயின்ட்டைத் திருத்தியிருப்பார்கள், வால்வு எவ்வளவு வேகமாகத் திறந்து மூட வேண்டும் என்று சொல்லும் பிஐடி மதிப்புகளை மாற்றியிருப்பார்கள், தவறாகக் காட்டும் ஒரு சென்சாருக்கு ஆஃப்செட் (திருத்தம்) போட்டிருப்பார்கள். அதெல்லாம் பழைய ஃபைலில் இருக்காது. கன்ட்ரோலருக்குள் இப்போது இருப்பதை அப்படியே லேப்டாப்புக்கு இழுங்கள். இழுத்த ஃபைலைத் திறந்து, நாலைந்து செட்பாயின்ட்டுகளை, கட்டடம் முழுவதையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ். கணினியின் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, அந்த 3.6 வோல்ட். அதை நம்பாதீர்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் லித்தியம் தயோனைல் குளோரைடு செல். அதன் குணமே, கடைசி மூச்சுவரை வோல்ட்டேஜ் ஏறக்குறைய இறங்காமல் நிற்பது. பிறகு சட்டென்று விழும். மல்டிமீட்டர் இழுக்கும் கரன்ட்டோ மிகமிகக் குறைவு. சுமை வராதவரை களைத்த செல்லும் முழு வோல்ட்டேஜ்தான் காட்டும். மீட்டர் ஒன்று சொல்லி, அலாரம் வேறு சொன்னால், அலாரத்தை நம்பி மாற்றுங்கள்.

சரி, மீதி 11-இல் அலாரம் இல்லையே? அங்கே கணக்கு கொஞ்சம் வேறு. பொதுவாக சப்ளை இல்லாத நேரத்தில்தான் பேட்டரியிலிருந்து கரன்ட் போகும். உதாரணத்துக்கு, நினைவகமும் கடிகாரமும் சேர்ந்து 10 மைக்ரோ ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 220 மில்லியாம்பியர் அவர் உள்ள சி.ஆர்.2032 காயின் செல் 22,000 மணி நேரம் தாங்கும். அதாவது சுமார் இரண்டரை வருடம். ஜெனரேட்டர் உள்ள மருத்துவமனையில் எட்டு வருடத்திலும் அவ்வளவு மணி நேரம் கரன்ட் போயிருக்காது. ஆனால் இரண்டு விஷயம் இந்தக் கணக்கைக் கெடுக்கும். ஒன்று, சூடு. மொட்டைமாடி பேனலுக்குள் இருக்கும் செல் தானாகவே வேகமாக வடிந்துபோகும். இன்னொன்று, கட்டுமான காலம். கன்ட்ரோலரைப் பொருத்தி, பேட்டரியையும் இணைத்துவிட்டு, மாதக்கணக்கில் சப்ளை கொடுக்காமல் விட்டிருந்தால், திறப்பு விழாவுக்கு முன்பே பாதி தீர்ந்திருக்கும். எட்டு வருடம் ஆகிவிட்டது, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். செல்லின் விலையைப் பார்க்கும் இடம் இது இல்லை.

வாங்கும்போது பழைய செல்லின் மேல் இருக்கும் எண்ணை எழுத்து மாறாமல் குறித்துக்கொண்டு போங்கள். ஏஏ அளவில் 3.6 வோல்ட் லித்தியமும் வரும், கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் அல்கலைனும் வரும். பார்வைக்கு இரண்டும் ஒரே உருவம். காயின் செல்லில் இதைவிட ஆபத்தான குழப்பம் உண்டு. சில போர்டுகளில் எம்.எல்.2032 என்ற ரீசார்ஜ் ஆகும் செல் இருக்கும். அதே அளவுதானே என்று அங்கே சி.ஆர்.2032 போட்டால், போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். செல் கசியலாம், வெடிக்கவும் கூடும். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய காயின் செல்களையும் தவிர்த்துவிடுங்கள், சில ஹோல்டர்களில் அந்தப் பூச்சு தொடர்பைக் கெடுக்கிறது.

வேலைக்கு இறங்குவதற்கு முன் அந்த மாடல் மேனுவலின் பேட்டரிப் பக்கத்தைப் படியுங்கள். கரன்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் புரோகிராமை வைத்திருக்கும் மாடல்கள் உண்டு. சிலவற்றில் சப்ளையை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும் என்றே போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் மேனுவல் சொல்வதுதான் சட்டம், ஆனால் பேக்கப் அப்போதும் வேண்டும். பிறகு ஸ்டார்ட்டர் பேனலில் அந்த ஏ.எச்.யு.வின் சுவிட்ச்சை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, மின்விசிறி நிற்காமல் ஓடுவதை உறுதிசெய்யுங்கள்.

கன்ட்ரோலருக்கு வருவது 24 வோல்ட்தான் என்றாலும், பக்கத்து ரிலேக்களில் 230 இருக்கலாம். மின்சப்ளையோடு வேலை செய்வதால் இதில் அலட்சியம் கூடாது: அந்த டெர்மினல்களை மூடிவிட்டு, பழகிய ஆளே கை வைக்கட்டும். கையில் ஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். செல்லை எடுக்க பிளாஸ்டிக் இடுக்கிதான் வேண்டும். உலோக இடுக்கி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்து ஷார்ட் ஆக்கிவிடும். செல் உட்காரும் தொடர்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு புதியதைப் போடுங்கள். பிளஸ், மைனஸ் பார்த்துத்தான்.

புது லித்தியம் செல் போட்ட பிறகும் அலாரம் கொஞ்ச நேரம் போகாமல் இருந்தால் உடனே செல் மோசம் என்று தூக்கிப் போடாதீர்கள். அலமாரியில் வெகுநாள் இருந்த செல்லுக்குள் லித்தியத்தின் மேல் ஒரு படலம் படிந்திருக்கும். கரன்ட் இழுக்க இழுக்க அது உடைந்து வோல்ட்டேஜ் மீளும். அப்புறம் தேதியைப் பாருங்கள். 1970 அல்லது 2000 என்று காட்டினால் கடிகாரம் ஒருமுறை விழுந்திருக்கிறது என்று பொருள். சரிசெய்யாவிட்டால் கிழமை மாறி, ஓ.பி. பிரிவு ஏசி விடுமுறை நாளில் ஓடும், திங்கட்கிழமை காலை நிற்கும்.

14-ஐயும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்க்காதீர்கள். வாகன நிறுத்தத்தின் எக்ஸாஸ்ட் மாதிரி, நின்றாலும் யாருக்கும் பாதிப்பில்லாத ஒன்றில் தொடங்கி, கை பழகிய பின் மற்றவற்றுக்கு வாருங்கள். அலாரம் வந்த மூன்றும் சீக்கிரம் முடியட்டும். அறுவை அரங்கு, ஐசியு கன்ட்ரோலர்களை அரங்குப் பட்டியல் காலியாக இருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். பழைய செல்களின் முனைகளில் டேப் ஒட்டி, 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மறுசுழற்சி செய்பவரிடம் கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள். மாற்றிய தேதியைப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். எடுத்த பேக்கப்பின் ஒரு பிரதி ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆளின் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் போதாது, மருத்துவமனையின் சொந்த டிரைவிலும் இருக்கட்டும்.