அப்பாவின் இடது கால் செருப்பு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்காமல் தந்தையை உடனடியாக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அந்த இரண்டு வரிக்கான காரணத்தைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஜூன் விடுமுறையில் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து வெளிநாடு போய்வந்த குடும்பங்கள் உங்களுடையதைப்போல நிறைய இருக்கின்றன, அவர்களும் படிக்கட்டும்.

உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் 12 வயது மகளைப் பற்றியது: ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டுக்கு மேற்கே மலைப்பகுதியில் இருந்த சுற்றுலாக் குதிரை லாயத்தில் குதிரை அவள் முகத்தை நக்கியது, வைக்கோல் தூசியில் ஓயாமல் தும்மினாள், வேலிக் கம்பி உள்ளங்கையைக் கீறியது, மறுநாள் கால்களில் சிவந்த தடிப்புகள் வந்தன, ஆகவே ஹென்ட்ரா கிருமி தொற்றியிருக்குமோ என்று. தந்தைக்குக் கடைசி ஐந்தாறு வரிகள்தாம். 71 வயது, இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறார், சவாரி முடிந்து இறங்கும்போது அங்கவடியில் கால் சிக்கி மல்லாந்து விழுந்து, எழுந்து சிரித்தார். நான்கு வாரம் கழித்து இப்போது காலையில் தலைவலி, பகலெல்லாம் உறக்கம். இடது கால் செருப்பு மட்டும் வீட்டுக்கு வெளியே நடைபாதையில் கழன்று கிடக்க, அது தெரியாமலே மின்தூக்கிவரை நடந்துவிடுகிறார். “வயதானால் இப்படி மறதி வருவது இயல்புதானே, டாக்டர்?” என்று முடித்திருக்கிறீர்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் இரண்டரைப் பக்கம் சுற்றி வந்தீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹென்ட்ராவை முதலில் முடித்துவிடுவோம். 1994இல் பிரிஸ்பன் நகரின் ஹென்ட்ரா என்னும் புறநகர்ப் பகுதியில், பந்தயக் குதிரைகளிடையே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கிருமி அது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து குதிரைக்கும், நோயுற்ற குதிரையின் ரத்தம், சளி போன்றவற்றிலிருந்து மனிதருக்கும் பரவுகிறது. உறுதிசெய்யப்பட்ட மனிதத் தொற்றுகள் ஏழு. அவர்களில் நால்வர் இறந்தனர். ஏழு பேருமே நோயுற்ற குதிரையைப் பராமரித்தவர்கள், அதற்கு மருத்துவம் பார்த்தவர்கள், அல்லது இறந்த குதிரையின் உடலைக் கையாண்டவர்கள். சுற்றுலாவுக்குப் போய் ஒரு மணி நேரம் சவாரி செய்தவர் ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை. குதிரைகளுக்கான தடுப்பூசியும் 2012இலிருந்து அங்கே இருக்கிறது. நோய் வருவதாக இருந்தால் மூன்று வாரத்துக்குள் தெரிந்திருக்கும்; உங்கள் மகளோ நான்காவது வாரத்தில் காய்ச்சல் இன்றிப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இதே குடும்பத்தைச் சேர்ந்த நிப்பா கிருமி 1999இல் இங்கே இறைச்சிக்கூட ஊழியர்கள் 11 பேரைத் தாக்கி, ஒருவர் உயிரிழந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் கிலி ஏற்படுத்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் நள்ளிரவில் தேடுபொறியில் “குதிரை, கிருமி, மரணம்” என்று தட்டினால் அது மரணத்தைத்தான் கொண்டுவந்து காட்டும்.

தும்மல் வைக்கோல் தூசியால் வந்தது, ஊர் திரும்பியதும் நின்றுவிட்டது. தடிப்புகள் பூச்சிக்கடி, ஒரு வாரத்தில் மறைந்துவிட்டன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீறல் ஆறிவிட்டது, சென்ற ஆண்டு தொடக்கநிலை ஐந்தில் பள்ளியில் போட்ட ஊசி வில்வாதத்திற்கும் (டெட்டனஸ்) சேர்த்துத்தான். குதிரை நக்கியதற்கு அன்றே சோப்புப் போட்டு முகம் கழுவியாயிற்று. இவற்றில் எதற்குமே, தம்பியின் தொண்டை வலிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாட்டிக்கை நீங்கள் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. பாதியில் நிறுத்திய மருந்தை அலமாரியில் சேர்த்துவைத்து இன்னொரு பிள்ளைக்கு இன்னொரு நோய்க்குக் கொடுக்கும் பழக்கத்தை என் நோயாளிகளிடமிருந்து ஒழிக்க இத்தனை ஆண்டுகளாகியும் என்னால் முடியவில்லை.

இனி அந்தச் செருப்பு. காலிலிருந்து செருப்பு கழல்வது மறதி ஆகாது. செருப்பை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தேடுவது மறதி. நடக்கும்போது ஒரே காலின் செருப்பு மட்டும் மீண்டும் மீண்டும் நழுவுவதும், அது நழுவியதைக் கால் உணராததும், அந்தப் பக்கத்துத் தசைக்கு மூளையிலிருந்து வரும் கட்டளையும் அங்கிருந்து மூளைக்குப் போகும் உணர்வும் குறைந்திருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அது ஒன்றுதான். தலையில் அடிபட்ட சில வாரங்களுக்குள், அதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடும் முதியவருக்கு இப்படி நேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது என்றே நாங்கள் வைத்துக்கொள்வோம்.

“குதிரை அசையாமல் நின்றுகொண்டுதான் இருந்தது, தலைக்கவசமும் போட்டிருந்தார்” என்கிறீர்கள். நம் ஊரில் குதிரையைப் பலரும் தொலைவிலிருந்தே பார்த்திருக்கிறோம். கிராஞ்சிப் பந்தயத் திடலும் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு ஓய்ந்துவிட்டது. அருகே நின்று பார்த்தால்தான் அதன் உயரம் தெரியும். நடுத்தரக் குதிரையின் முதுகே தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அதன்மேல் உட்கார்ந்திருப்பவரின் தலை இரண்டு மீட்டருக்கும் மேலே இருக்கும். அங்கிருந்து மல்லாந்து விழுவது, குதிரை ஓடினாலும் நின்றாலும், சின்ன விழுகை ஆகாது. தலைக்கவசம் மண்டையோடு உடைவதைத் தடுக்கும், தோல் கிழிவதைத் தடுக்கும்; உள்ளே மூளை குலுங்குவதை முழுவதும் தடுக்க அதனால் முடியாது.

வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்குகிறது. அப்போது மூளையின் மேற்பரப்பிலிருந்து அதைப் போர்த்தியிருக்கும் தடித்த உறைக்குச் செல்லும் சிறு சிரைகள், இழுத்துக் கட்டிய கொடிக்கயிறுபோல விறைத்து நிற்கின்றன. ஒரு குலுக்கலில் அவற்றில் ஒன்று அறுந்தால், சிரை என்பதால் ரத்தம் பீறிடாது, சொட்டுச் சொட்டாகக் கசியும். இளைஞருக்கு மண்டைக்குள் இடம் இல்லாததால் தொல்லை சீக்கிரமே வெளிப்பட்டுவிடும். முதியவருக்கோ சுருங்கிய மூளை விட்டுவைத்த இடம் இருப்பதால் இரண்டு, மூன்று, சில சமயம் ஆறு வாரம்வரைகூட ஒன்றும் தெரியாது. விழுந்த அன்று அவர் சிரித்ததும், விமானத்தில் நன்றாகத் தூங்கியதும், முதல் இரண்டு வாரம் வழக்கம்போலக் காப்பிக்கடைக்குப் போய்வந்ததும் எனக்கு ஆறுதல் தராததற்குக் காரணம் அதுதான். இன்னொரு பொறியும் உண்டு: இந்த நிலையில் நோயாளி ஒரு நாள் குழம்பியும் மறுநாள் தெளிந்தும் இருப்பார். தெளிவாக இருக்கும் நாளில் வீட்டார் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவார்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட சொல்லை நானே எழுதுகிறேன்: டிமென்ஷியா. அதைத்தான் அஞ்சுகிறீர்கள். முதுமை மறதிநோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல நுழைவது. போன மாதம்வரை வார்ஃபரின் அளவைத் தாமே குறித்துவைத்து, பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) தனியாகப் போய் ரத்தப் பரிசோதனை செய்துவந்த மனிதர், ஒரே வாரத்தில் இப்படி மாறினால் அது அந்த நோயின் நடை இல்லை. ரத்தக் கசிவாக இருந்தால், சிடி ஸ்கேன் சில நிமிடங்களில் காட்டிக்கொடுத்துவிடும். தேவைப்பட்டால் நரம்பியல் அறுவை மருத்துவர் மண்டையோட்டில் சிறு துளையிட்டுத் தேங்கியதை வடித்துவிடுவார். காலத்தில் செய்யப்பட்டால் பலர் பழைய நடைக்கே திரும்புகிறார்கள். தாமதமானால் இதுவே உயிரையும் வாங்கும்.

தலைவலிக்குக் கோடாலித் தைலம் தேய்த்ததில் கெடுதல் இல்லை. கடையில் வாங்கிய ஐபுபுரோஃபென் மாத்திரையை நான்கு நாள் கொடுத்ததுதான் என்னைக் கோபப்படுத்தியது. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அது ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பார். அதேபோல, இதைப் படித்துவிட்டுப் பதறி வார்ஃபரினைத் தாமாகவே நிறுத்தும் வாசகர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் சொல்கிறேன்: நிறுத்தினால் மூளையில் ரத்தக்கட்டி அடைத்துப் பக்கவாதம் வரலாம். நிறுத்துவதா, நிறுத்தினால் எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் முடிவு செய்யட்டும். லாயத்தில் கையெழுத்திட்ட படிவத்தில் “மருந்துகள்: ஏதுமில்லை” என்று ஏன் எழுதினீர்கள், அவரைக் குதிரையில் ஏற்றியது நீங்களா உங்கள் கணவரா என்ற வழக்கையெல்லாம் பிறகு நிதானமாக நடத்திக்கொள்ளலாம்.

மின்னஞ்சலில் எழுதியதை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் எடுக்க வேண்டாம். அங்கே சிடி ஸ்கேன் இல்லை. நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எழுப்பினால் எழவில்லை, வாந்தி எடுக்கிறார், வலிப்பு வருகிறது, பேச்சு குழறுகிறது என்றால் டாக்சி தேடாமல் ஆம்புலன்ஸுக்கு 995 எண்ணை அழையுங்கள். முகப்பில் இருக்கும் தாதியிடம் “அப்பாவுக்குத் தலைவலி” என்று தொடங்காதீர்கள், கிருமிக் கதையையும் எடுக்காதீர்கள். “நான்கு வாரத்துக்கு முன் குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது, வார்ஃபரின் சாப்பிடுகிறார், ஒரு வாரமாக இடது கால் செருப்பு நிற்கவில்லை” என்று அதே வரிசையில் சொல்லுங்கள். மருந்துப் பெட்டியையும் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். போகும் வழியில் பசிக்கும் என்று பரோட்டாவும் தேநீரும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அன்றே அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.